பாட்டு வைத்த பெயரும் அரசன் கொடுத்த பட்டமும்



புலவர்களின் பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப் பேச மயிலாப்பூர் பொருத்தமான இடம். இந்த ஊரில் ஒரு காலத்தில் நேமிநாதர் என்னும் தீர்த்தங்கரருக்குச் சமணக் கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தாம் எழுதிய இலக்கண நூலுக்கு அவர் பெயரையே வைத்து 'நேமிநாதம்' என்றார். நன்னூலுக்கு உரை எழுதியவரை நாம் மயிலைநாதர் என்கிறோம். கோயில் போய்விட்டது. ஒரு நூலின் பெயரிலும் ஓர் உரையாசிரியரின் பெயரிலும் அந்த நாதர் இன்னும் மயிலையில் இருக்கிறார்.

ஒரு புலவனுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது? பெற்றவர்கள் வைப்பது ஒன்று. அரசன் கொடுப்பது ஒன்று. ஆசிரியன் கொடுப்பது ஒன்று. தானே சூட்டிக்கொள்வது ஒன்று. இவை எல்லாவற்றையும் விட உயர்ந்தது இன்னொன்று உண்டு. அது பாட்டே கொடுக்கும் பெயர். உலகத்தில் எத்தனையோ மொழிகளில் புலவர்களுக்குப் பட்டம் உண்டு, புனைபெயர் உண்டு. பாடியவன் பெயர் தெரியாதபோது, அவன் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து, "இதுதான் உன் பெயர், இனி எந்தக் காலத்திலும் உன்னை இப்படித்தான் அழைப்போம்" என்று சொன்னவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பெருமையைத்தான் இன்று பேச வேண்டும்.

நற்றிணையில் 284ஆம் பாட்டு. பொருள் தேடப் போனவன் பாதி வழியில் நிற்கிறான். நெஞ்சு திரும்பிப் போ என்கிறது. அவள் கண்கள், அவள் கூந்தல், அவள் படும் துயரம் எல்லாம் பின்னால் இழுக்கின்றன. அறிவு அதட்டுகிறது. எடுத்த காரியத்தைப் பாதியில் விடாதே, ஊர் சிரிக்கும், பொறு என்கிறது. நெஞ்சு ஒரு பக்கம், அறிவு ஒரு பக்கம். நடுவில் கிடக்கும் இந்த உடம்பு என்ன ஆகும்? புலவர் ஒரு காட்சி காட்டுகிறார். இரண்டு யானைகள். இரண்டும் எதிரெதிராக ஒரு கயிற்றைப் பற்றி இழுக்கின்றன. அந்தக் கயிறு புதுக் கயிறல்ல. புரி தேய்ந்து, நைந்து, இன்றோ நாளையோ அறுந்துவிடும் பழங்கயிறு. அந்தக் கயிறு போல என் உடம்பு அழிந்துபோக வேண்டியதுதானா என்று கேட்கிறான் அவன்.

இதைப் பாடியவர் யார்? எந்த ஊர்? யார் மகன்? எந்தக் குறிப்பும் இல்லை. தொகுத்தவர்கள் அவரைப் 'பெயர் தெரியாதவர்' என்று ஒரு மூலையில் தள்ளிவிடவில்லை. 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்றார்கள். அந்த 'ஆர்' விகுதியைக் கவனியுங்கள். ஒரு பழைய கயிற்றுக்குத் தமிழ் கொடுத்த மரியாதை அது!

அவர் தனியாளல்லர். இப்படித் தொடரால் பெயர் பெற்றவர்கள் சங்கத் தொகையில் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். செம்மண்ணில் பெய்த மழையைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். அவரை இன்று திருமண அழைப்பிதழ் அச்சிடுகிறவர்களுக்கும் தெரியும். தலைவன் இல்லாத வீட்டில் தலைவியின் தனிமை எப்படி இருக்கும் என்று சொல்ல, மனிதர் விட்டுப் போன வீட்டு முற்றத்தில் அணில் ஓடி விளையாடுவதைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார். மீனெறி தூண்டிலார், ஓரேருழவர், விட்டகுதிரையார், கல்பொரு சிறுநுரையார். சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு படம் அல்லவா?

குப்பைக்கோழியார் என்று ஒருவர். பெயரைக் கேட்டால் யாரோ ஏளனமாக வைத்தது போலத் தோன்றும். பாட்டைப் படித்தால் கை கூப்பத் தோன்றும். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் சண்டை போடுகின்றன. சேவற்போர்க் களம் என்றால் தூண்டிவிடுபவர் உண்டு, பார்ப்பவர் உண்டு, விலக்குபவரும் உண்டு. குப்பைமேட்டுச் சண்டைக்கு யார் வருவார்? அது தானாகத் தொடங்கியது, தானாகத்தான் ஓயவேண்டும். என் காதல் நோயும் அப்படித்தான், விலக்கிவிட ஆளில்லை என்கிறாள் ஒரு பெண். குறுந்தொகை 305. தெருவில் நாம் பார்த்தும் பாராமல் போகிற ஒரு காட்சியை மனித மனத்தின் தனிமைக்கு உவமையாக்கியவர் அவர்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே ஓரிரண்டு சொல் பேசுகிற கிழவர், மடுக்கரை மரத்தின் கிளையேறிக் குதித்து ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்து காட்டிய தம் இளமையை நினைக்கிறார். முதுமையைப் பாடிய அந்த மனிதருக்கு அவர் கைத்தடியே பெயராகிவிட்டது.

ஏன் இவர்களுக்கு இப்படிப் பெயர் வந்தது? இவர்களில் பெரும்பாலோர் அகம் பாடியவர்கள். அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. அங்கே அரசன் பாட்டுடைத் தலைவன் ஆவதில்லை. ஆகவே அரசனோடு சேர்ந்து புலவன் பெயரும் நிலைப்பதற்கு வழி கிடையாது. கொடைக் குறிப்பு இல்லை, போர்க் குறிப்பு இல்லை. மிஞ்சியது பாட்டு ஒன்றுதான். அந்தப் பாட்டு போதும் என்று நினைத்தார்களே தொகுத்தவர்கள், அவர்களை நாம் வணங்க வேண்டாமா?

இனி அரண்மனை வாசலுக்கு வருவோம்.

அரசர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் படித்தால் மலைப்பாக இருக்கிறது. செல்வக் கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணம். அதுவும் போதாதென்று, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று கண்ணுக்கு எட்டிய நாடெல்லாம். ஆறாம் பத்தைப் பாடியவர் ஒரு பெண், காக்கைபாடினியார் நச்செள்ளையார். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு அணிகலன் செய்துகொள்ளப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்து, தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். இத்தனை கொடுத்தவனால் அவருக்கு ஒரு பெயர் கொடுக்க முடிந்ததா? 'காக்கைபாடினி' என்னும் பெயர் குறுந்தொகையில் விருந்து வரக் கரைந்த காக்கைக்கு நெய்யும் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் ஈடாகாது என்று பாடியதால் வந்தது. பொன்னைக் கொடுத்தது சேரன். பெயரைக் கொடுத்தது காக்கை!

இங்கே சற்றுத் தொலைவு போய்வர அனுமதி கேட்கிறேன். பிரிட்டன் தீவின் மேற்குப் பக்கம் வேல்ஸ் என்று ஒரு நாடு. சிறிய நாடு, மலை நாடு, பாட்டை உயிராக நினைக்கிற நாடு. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குறுநில அரசர்களின் அவைகளில் புலவர்கள் இருந்தார்கள். ஹவெல் தா என்னும் அரசனின் பெயரால் வழங்கும் சட்டநூல்கள் அவர்களின் உரிமையை எழுதியே வைத்திருக்கின்றன. தலைமைப் புலவனுக்கு அவையில் தனி இருக்கை. பாட்டு வேண்டும் என்று அரசன் கேட்டால் அவன் முதலில் கடவுளைப் பாட வேண்டும், அடுத்து அரசனைப் பாட வேண்டும். அவனுக்குப் பின் படைவீரர் குழுவுக்கென்று இருக்கும் புலவன் பாடுவான். அந்த இரண்டாமவன் அரண்மனையின் 24 அதிகாரிகளில் ஒருவன். வீரர்கள் கொள்ளைக்குப் போகும்போது கூடவே போய்ப் பாடினால், கவர்ந்து வந்த கால்நடையில் அவனுக்கும் பங்கு. கேட்கும்போதே நம் வெட்சித் திணையும் பாணரும் நினைவுக்கு வரவில்லையா?

அவர்களுக்கும் சிறப்புப் பெயர்கள் உண்டு. கிந்தெலூ என்பவருக்குப் 'பெரும்புலவர்' என்ற அடை. அவருக்குப் பின் வந்த லவார்க் என்பவர் லிவெலின் பேரரசனைப் பாடியவர். அரசியலில் தூது போகும் அளவுக்குச் செல்வாக்கான கவிதைகள் அவருடையவை. அவருக்கு வழங்கிய பெயர் 'பன்றிகளின் புலவர்'! ஏன் அந்தப் பெயர் என்பதற்கு அந்த நாட்டு அறிஞர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நம் குப்பைக்கோழியாரை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினால் எவ்வளவு மகிழ்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். குவால்க்மை என்று ஒரு புலவர். தந்தையும் புலவர், பிள்ளைகளும் புலவர்கள். ஆங்கிள்ஸி தீவில் இன்றும் அவர் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது.

நமக்கும் அப்படி ஓர் ஊர் உண்டே! பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர். சரசுவதிக்குத் தனிக்கோயில் இருக்கும் ஊர். சோழன் ஒட்டக்கூத்தருக்குக் கொடுத்த ஊர் என்பது மரபு. விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று தந்தை, மகன், பேரன் மூவருக்கும் அவைப்புலவராக இருந்து, மூவர்மீதும் உலாப் பாடிய பெருமை வேறு யாருக்கு உண்டு? 1176இல் வேல்ஸின் கார்டிகன் கோட்டையில் ரீஸ் என்னும் சிற்றரசன் புலவர்களுக்கும் இசைவாணர்களுக்கும் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு இருக்கை பரிசளித்தான். அதே நூற்றாண்டில்தான் இங்கே நம் கூத்தர் கவிச்சக்கரவர்த்தியாக வீற்றிருந்தார்.

ஆனால் நண்பர்களே, கவிச்சக்கரவர்த்தி யார்? ஒட்டக்கூத்தரா? கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரும் கவிச்சக்கரவர்த்தி. கம்பரும் கவிச்சக்கரவர்த்தி. ஒரே பட்டம் மூன்று பேருக்கு! பட்டம் என்பது ஒரு பதவி. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்காரலாம். தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா? அந்தக் கயிற்றை அவர் ஒருவர்தானே பார்த்தார்? என் பேச்சின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டம் கைமாறும், பாட்டு வைத்த பெயர் கைமாறாது.

அரசன் பெயரைப் பாட்டில் வைப்பதற்கு எத்தனை கட்டுப்பாடு இருந்தது தெரியுமா? நேமிநாதம் எழுதிய அதே குணவீர பண்டிதர் வெண்பாப் பாட்டியலும் எழுதினார். பாட்டுடைத் தலைவனின் பெயருக்கும் பாட்டின் முதற்சொல்லுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று பத்துப் பொருத்தம். முதற்சொல் மங்கலமாக இருக்க வேண்டும். முதலெழுத்து நச்செழுத்தாக இருக்கக்கூடாது. நாள் கூடப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குச் சாதகம் பார்க்கிற கவனத்தோடு அரசனுக்கும் பாட்டுக்கும் பொருத்தம் பார்த்தார்கள். தலைவனுக்குத் தீங்கு வந்தால் புலவன்மேல் பழி வரும். அத்தனை அச்சம், அத்தனை ஒழுங்கு, அத்தனை கலை! அவைக்கவிதையை வெறும் முகத்துதி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது கடும் பயிற்சியில் விளைந்தது. கடும் பயிற்சி இல்லாமல் செயங்கொண்டாரின் தாழிசைகள் அந்த ஓட்டம் ஓடுமா? 

ஆனாலும் அரண்மனை நிலையானதல்ல. இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறேன். 1279, 1282. முதலாவது, கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனின் ஆட்சி முடிந்த ஆண்டு. இரண்டாவது, வேல்ஸின் கடைசிச் சுதந்திர அரசனான இன்னொரு லிவெலின், ஆங்கிலேயப் படையால் டிசம்பர் மாதத்தில் கொல்லப்பட்ட ஆண்டு. மூன்றே ஆண்டு இடைவெளியில், உலகத்தின் இரு கோடிகளில், புலவர்களுக்கு நிழல் தந்த இரண்டு மரங்களும் சாய்ந்தன.

லிவெலின் இறந்தபோது கிரிஃபித் என்னும் புலவர் ஒரு கையறுநிலை பாடினார். காற்றையும் மழையையும் பார்க்கவில்லையா, ஓக் மரங்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் காணவில்லையா, கடல் நிலத்தைத் தாக்குவது தெரியவில்லையா, உலகம் முடியப்போகிறது என்று உங்களுக்குப் புரியவில்லையா என்று அவர் கதறுகிற பாட்டு அது. அந்த மொழி அறியாத நாம் ஏன் அதில் கலங்குகிறோம்? நமக்குக் கபிலர் இருப்பதனால். பறம்பு வீழ்ந்த பின் பாரியின் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய் நின்றாரே அந்தக் கபிலர்! ஓர் அவைப்புலவனின் கடமை அரசனின் உயிரோடு முடிந்துவிடுமா? முடியவில்லையே! திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்கிறது. எத்தனையோ நூற்றாண்டு கழிந்த பின்னும் ஒரு புலவனின் முடிவைக் கல்லில் வெட்டிவைத்த நாடு இது.

பேரரசுகள் போயின. சேதுபதிகள், பாளையக்காரர்கள், ஜமீன்தார்கள், மடங்கள் வந்தன. படிக்காசுப் புலவர், அந்தகக்கவி வீரராகவர், இரட்டைப் புலவர், காளமேகம் என்று பெயர்களின் சுவையும் மாறியது. மகாவித்துவான் என்று திருவாவடுதுறை ஆதீனம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பட்டம் கொடுத்தது. அந்தப் பிள்ளையவர்கள் தம்மிடம் படிக்க வந்த வேங்கடராமன் என்னும் இளைஞருக்கு, வீட்டில் அழைத்த பெயரையே நிலைப்பெயராக்கினார். அவர்தான் நம் சாமிநாதையர். ஆசிரியர் வைத்த பெயரைச் சுமந்தவர், ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். மிதிலைப்பட்டியில் கவிராயர் பரம்பரையின் வீட்டில் அவர் கண்ட சுவடிகளைப் பற்றி 'என் சரித்திர'த்தில் உருக்கமாக எழுதியிருக்கிறார். 1894இல் புறநானூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1937இல் குறுந்தொகை. குப்பைக்கோழியாரையும் அணிலாடு முன்றிலாரையும் விளக்கமான உரையோடு நம் கையில் கொடுத்தது அந்தக் குறுந்தொகைப் பதிப்பு. அவர் சேர்த்த சுவடிகள் எங்கேயோ இல்லை, இதோ அடையாற்றுப் பக்கம் இருக்கின்றன. 1943இல் ருக்மிணி தேவி தொடங்கிய சாமிநாதையர் நூல்நிலையம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. கடற்கரைக்குப் போகிற வழிதான். இளைஞர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

இனி பாரதி. எட்டயபுரம் அரண்மனையில் 1893இல், பதினொரு வயதுச் சிறுவன் சுப்பையாவுக்குப் புலவர்கள் கொடுத்த பட்டம் அது. கொடுத்தது அவை, சந்தேகமில்லை. ஆனால் அந்த அவை பின்னால் என்ன செய்தது? 1919இல், புதுச்சேரி வாசம் முடிந்து, சிறை கண்டு, கடையத்தில் வறுமையில் இருந்தபோது, பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவன் அரசனுக்குப் பாட்டாகவே விடுக்கும் ஓலை அது, பழைய மரபு. அதிலும் குனியாமல், நிமிர்ந்து எழுதினார். பலன் கிடைக்கவில்லை. பட்டம் கொடுத்த வாசல் படி கொடுக்கவில்லை. 1921இல் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தார். இன்று பாரதி என்றால் எட்டயபுரத்து அரண்மனை நினைவுக்கு வருகிறதா? அது பட்டம் என்பதையே நாம் மறந்துவிட்டோம். அவருடைய பாட்டுகள் அந்தப் பட்டத்தைத் தின்று செரித்துப் பெயராக்கிவிட்டன. அரசன் கொடுத்ததைப் பாட்டு தன்னுடையதாக்கிக்கொண்ட ஒரே பெரும் உதாரணம் என்று நான் இதைச் சொல்வேன்.

அதன்பின் அந்தப் பெயர் பிள்ளை பெற்றது. கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அவருடைய சொந்தப் பெயரை எடுத்துக்கொண்டு இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் ஆகி, சுரதா என்று சுருங்கினார். வேல்ஸில் குவால்க்மையின் குடும்பத்தில் இரத்தம் தொடர்ந்தது; இங்கே பற்றுத் தொடர்ந்தது. இதற்கு எந்த அரசனும் தேவைப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஓவியர் மாலியின் மேலிருந்த ஈடுபாட்டில் ரங்கராஜன் வாலி ஆனார். அதுவும் அப்படித்தான்.

வேல்ஸிலும் இந்தத் திருப்பம் நடந்தது. அவைகள் அழிந்து ஐந்நூறு ஆண்டு கழித்து, 1792இல் லண்டனில், இயோலோ மோர்கானுக் என்று தனக்குத்தானே புலமைப்பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கல்தச்சர், புலவர் கூட்டம் ஒன்றை நிறுவினார். இன்று அந்த நாட்டுக் கவிஞர்கள் சூட்டிக்கொள்ளும் புலமைப்பெயர்கள் பெரும்பாலும் அந்த மறுமலர்ச்சிக்குப் பின் வந்தவை. 1917இல் அவர்களுடைய தேசியக் கவிதை விழா பர்க்கன்ஹெட்டில் நடந்தது. வென்றவர் பெயரை அறிவித்தார்கள். இருக்கையில் அமர ஆள் வரவில்லை. ஹெத் வின் என்னும் பெயரில் எழுதிய எல்லிஸ் எவன்ஸ் என்ற ஆட்டுப்பண்ணை இளைஞர், ஐந்து வாரத்துக்கு முன், ஜூலை 31இல், பெல்ஜியத்துப் போர்க்களத்தில் இறந்திருந்தார். இருக்கைக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அவருக்கு அரசன் இல்லை, அவை இல்லை. நாடு முழுவதும் அழுதது.

நம் சென்னைக்கு வருகிறேன். அரசர்கள் போன பின்னும் நமக்கு அரசவைக் கவிஞர்கள் இருந்தார்கள். 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. தலைமைச் செயலகத்துப் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கண்ணதாசன் அரசவைக் கவிஞரானார். சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையா, பத்திரிகையில் வேலை கேட்டுப் போன இடத்தில் தானே சொல்லிக்கொண்ட பெயர் கண்ணதாசன். தியாகராய நகரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் நின்று யாரையாவது கேளுங்கள். அவர் அரசவைக் கவிஞராக இருந்தார் என்பது பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரியலாம். ஒரு பாட்டின் முதல் அடியைத் தொடங்குங்கள். பத்துப் பேரும் முடித்துவைப்பார்கள்.

எனவே விழாக் குழுவினருக்கு என் கோரிக்கை. நம் ஊர்ச் சுவரொட்டிகளிலும் அழைப்பிதழ்களிலும் கவிஞர் பெயருக்கு முன்னால் பட்டங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. படித்து முடிப்பதற்குள் கவிஞர் பெயர் மறந்துபோகிறது. அடுத்த ஆண்டு இதே அரங்கில் கவியரங்கம் நடக்கும்போது அழைப்பிதழில் பட்டம் ஒன்றும் போடாதீர்கள். ஒவ்வொரு கவிஞர் பெயருக்கும் கீழே அவர் எழுதியதில் ஓர் அடியை அச்சிடுங்கள். எந்த அடி என்பதைக் கவிஞரிடம் கேட்க வேண்டாம். இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளைக் கேளுங்கள். பூரிக்கோ என்னும் ஒருவர் குறுந்தொகையைத் தொகுத்தபோது செய்த வேலை அது. அதை இவர்களால் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.